இடுப்பு ஆபரேஷன் முடிந்தும் வலி போகவில்லையா? மறு ஆபரேஷன், ஊசி, மின்கருவி, பயிற்சி: எது யாருக்கு?

இடுப்பு ஜவ்வு (முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கும் 'டிஸ்க்') விலகலுக்கோ நரம்பு அழுத்தத்துக்கோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை வலி தொடர்கிறது என்று மருத்துவ உலகில் ஒரு கணக்கு உண்டு. பத்துக்கும் நாற்பதுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்றால், எந்த ஆபரேஷன், எவ்வளவு வலி இருந்தால் 'வலி' என்று எண்ணினார்கள் என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. எப்படி எண்ணினாலும் இது அபூர்வமான சங்கதி இல்லை. சேலத்தில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் அம்மாப்பேட்டையிலிருந்து தறிக்காரர் வருகிறார், சங்ககிரியிலிருந்து லாரி டிரைவர் வருகிறார், ஏற்காட்டிலிருந்து காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் அக்கா வருகிறார். எல்லோர் கையிலும் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் ஸ்கேன் பிலிம். எல்லோரும் கேட்பதும் ஒன்றுதான்: "அடுத்து என்னங்க பண்றது?"

கிடைக்கிற பதில், அவர்கள் எந்த அறைக்குள் நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. சர்ஜனிடம் போனால் மறு ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும். வலி நிவாரண நிபுணர் ஊசியிலிருந்து ஆரம்பிப்பார். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் வைக்கும் மின்கருவியைக் காட்டுவார்கள். என்னிடம் வந்தால் பயிற்சி. என் பிழைப்பே பயிற்சிதான் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே மேலே படியுங்கள். ஆனாலும் வந்தவரை மேசையில் படுக்கக்கூட விடாமல் "முதலில் சர்ஜனைப் பாருங்கள்" என்று நானே திருப்பி அனுப்புவதும் உண்டு.

முதலில் இரண்டு கேள்வி

வலி எங்கே என்று கேட்டால் எல்லோரும் இடுப்பில் கை வைத்து கால் வரை தடவிக் காட்டுவார்கள். அது போதாது. நான் கேட்பது இப்படி: "உங்க மொத்த வலியை ஒரு ரூபாய்னு வச்சுக்குங்க. காலுக்கு எத்தனை பைசா, இடுப்புக்கு எத்தனை பைசா?" கொஞ்சம் யோசித்துவிட்டு எண்பது பைசா காலுக்கு என்பார் ஒருவர், எழுபது பைசா இடுப்புக்கு என்பார் இன்னொருவர். கால் வலி பெரும்பாலும் நரம்பின் வலி. இடுப்பு வலி மூட்டு, எலும்பு, தசை, மீதமிருக்கும் ஜவ்வு என்று எதிலிருந்தும் வரலாம். கீழே வரும் வழிகளில் பாதி, கால் வலிக்கு மட்டுமே ஓரளவு நிரூபணமானவை. இடுப்பு வலிக்காரர் அதே வழியில் பணத்தைக் கொட்டி ஏமாந்து போவது இந்தப் பிரிப்பைச் செய்யாததால்தான்.

இரண்டாவது கேள்வி, வலி எப்போது வந்தது?

ஆபரேஷன் முடிந்து ஒரு நாள்கூட குறையவே இல்லை என்றால், அழுத்தம் முழுசாக எடுபடாமல் இருக்கலாம். நரம்பு வெளியே வரும் பக்கத்துத் துவாரத்தில் எலும்பு இன்னும் நெருக்கிக்கொண்டிருக்கும். அல்லது மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் போன பிறகும் தேறாமல் இருக்கலாம். அல்லது வலி முதலிலிருந்தே அந்த ஜவ்வினுடையதாக இல்லாமலும் போகலாம்: தொடை வந்து சேரும் இடுப்பு மூட்டின் தேய்மானம், சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு, காலுக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு, இவையெல்லாம் ஜவ்வு வலி வேஷத்தில் வரும்.

சில மாதம் நன்றாக இருந்து, ஒரு நாள் குனிந்து தூக்கியதும் 'சுரீர்' என்று பழைய கால் வலியே திரும்பினால், அதே இடத்தில் ஜவ்வு மறுபடி பிதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக, எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாமல் ஏறிய வலி என்றால் பட்டியல் வேறு: நரம்பைச் சுற்றி வடு, கணுக்களை ஒன்றாகச் சேர்க்க ஸ்க்ரூ போட்ட இடத்தில் எலும்பு கூடாமல் போனது, அதற்கு மேலே உள்ள கணு தேய்ந்தது, கீழே இடுப்பெலும்பு சேரும் மூட்டு பாரம் தாங்காமல் நோவது.

இந்த இரண்டு பதிலும் இல்லாமல் எந்த வழி நல்லது என்று யாரைக் கேட்டும் பயனில்லை.

சில அறிகுறிகள் இருந்தால் ஒப்பிட்டுக்கொண்டே உட்கார நேரமில்லை. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலத்துவாரத்தைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுவது, காய்ச்சலோடு வலி ஏறுவது. இவற்றில் எது இருந்தாலும் அன்றே அவசரப் பிரிவு. காய்ச்சல் லேசாக இருந்து எடை குறைந்துகொண்டே வந்தால் முதுகெலும்புக் காசநோயையும் நம் ஊரில் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் ஆன முதுகுக்குச் சாதா எம்.ஆர்.ஐ. பல நேரம் போதாது. வடுவும் புதிதாகப் பிதுங்கிய ஜவ்வும் அதில் ஒரே மாதிரி தெரியலாம். காடோலினியம் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி எடுத்தால் வடு அதை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும், ஜவ்வு இருட்டாகவே இருக்கும். மருந்து ஏற்றுமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியேட்டினின் பார்க்க வேண்டும். இதோடு முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே ஒன்று. செலவு சொற்பம், ஆனால் எலும்பு ஆடுகிறதா என்பதைப் படுத்தபடி எடுக்கும் ஸ்கேனைவிட இது நன்றாகச் சொல்லும். ஸ்க்ரூ போட்டவர்களுக்கு சி.டி.

மறு ஆபரேஷனா, மின்கருவியா?

ஆல்ஃப் நாச்செம்சன் என்ற ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் சொன்ன ஒரு கணக்கை முதுகு மருத்துவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்: இரண்டாவது ஆபரேஷனில் பலன் கிடைப்பது நூற்றுக்கு 30 பேருக்கு மேல் இல்லை, மூன்றாவதில் 15, நான்காவதில் 5. பழைய கணக்கு. அப்போது இருந்த ஸ்கேன் வேறு, கருவிகள் வேறு. அதனால் எண்ணை அப்படியே நம்பிப் பயப்பட வேண்டாம், ஆனால் இறங்குமுகத்தை நம்பலாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வடு கூடுகிறது, நரம்பு உறை கிழியும் அபாயம் கூடுகிறது.

இந்தச் சராசரிக்குள் ஒரு பெரிய விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. நல்லபடியாக இருந்து, ஜவ்வு மறுபடி பிதுங்கி, கால் வலி திரும்பியவர்களுக்கு மறு ஆபரேஷன் ஏறக்குறைய முதல் ஆபரேஷன் அளவுக்கே பலன் தருகிறது. ஸ்க்ரூ நரம்பில் உரசுகிறது, எலும்பு ஆடுகிறது, துவாரம் இன்னும் அடைத்திருக்கிறது என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்து, அந்த நரம்பு போகும் பாதையிலேயே வலியும் இருந்தால் அதுவும் நியாயமான காரணம். ஸ்கேனில் வடு மட்டும்தான் என்றால் வடுவை எடுக்க மறுபடி திறப்பது வீண். எடுத்த இடத்தில் புது வடு வரும்.

ஸ்கேனும் வலியும் பொருந்துகிறதா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். சர்ஜனிடம் இப்படிக் கேளுங்கள்: "ஸ்கேன்ல தெரியுற இந்த இடம் நசுங்கினா கால்ல எந்த இடத்துல வலி வரணும்?" அவர் கட்டைவிரல் பக்கம் என்கிறார், உங்களுக்கு எரிவது சுண்டுவிரலும் குதிகாலும் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தி இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது. வலியே இல்லாதவர்கள் முதுகைப் படமெடுத்தாலும் ஜவ்வுப் பிதுக்கம் தெரியும். பிலிமில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

மின்கருவி பக்கம் வருவோம். முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே, நடுமுதுகுக்குக் கீழே, மெல்லிய மின்கம்பியை வைத்து, பிட்டத்துக்கு மேல் தோலுக்கடியில் ஒரு பேட்டரியைப் பதிக்கிறார்கள். வலி இருந்த இடத்தில் சிறு மின்னோட்டம் ஒரு குறுகுறுப்பைத் தரும். புதிய முறைகளில் அந்தக் குறுகுறுப்பும் இல்லை. 1967-இல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பியல் சர்ஜன் முதன்முதலில் மனிதருக்கு வைத்தார். அதனால் நேற்று வந்த வித்தை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி வலி தொடர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மின்கருவி, மறுபாதிக்கு மறு ஆபரேஷன். முடிவில் மின்கருவி வைத்த 19 பேரில் 9 பேருக்கு வலி பாதிக்குப் பாதி குறைந்து திருப்தி. மறு ஆபரேஷன் செய்த 26 பேரில் 3 பேருக்கு. கேட்டால் கருவிதான் ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் எலும்பு மிக மோசமாக ஆடியவர்களையும் நரம்பு பலவீனம் முற்றியவர்களையும், அதாவது கண்டிப்பாக ஆபரேஷன் தேவைப்பட்டவர்களை, அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. பிரிக்கப்பட்டதும் மொத்தமே ஐம்பது பேர்தான், அதில் முடிவுவரை கணக்கில் வந்தவர்கள் 45 பேர்.

2007-இல் வந்த இன்னொரு ஆய்வில் 100 பேர். எல்லோருக்கும் கால் வலிதான் பிரதானம். மாத்திரை, பயிற்சியோடு கருவியும் வைத்தவர்களில் ஆறு மாதத்தில் 48 சதவீதம் பேருக்குக் கால் வலி பாதியாவது குறைந்தது. கருவி இல்லாதவர்களில் 9 சதவீதம். அதே ஆய்வில் ஒரு வருடத்துக்குள் கருவி வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்குக் கம்பி நகர்வது, புண் ஆவது போன்ற ஏதாவது ஒரு தொந்தரவும் வந்தது. செலவை ஏற்றது கருவி செய்யும் கம்பெனி. யாருக்குக் கருவி ஓடுகிறது என்பது நோயாளிக்கே தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவும் முடியவில்லை. இருந்தும் இதுபோன்ற சான்றுகளை வைத்து 2008-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, ஆறு மாதத்துக்கு மேல் நரம்பு வலி நீடித்து மற்ற சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. தற்காலிகமாக வைத்துப் பார்த்து பலன் தெரிந்த பிறகே நிரந்தரமாக வைக்கலாம் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

அப்புறம் 2022-இல் நார்வேயிலிருந்து ஒரு குண்டு வந்து விழுந்தது. ஆபரேஷனுக்குப் பின் கால் வலி தொடர்ந்த 50 பேருக்குக் குறுகுறுப்பே தெரியாத வகைக் கருவியை வைத்தார்கள். மூன்று மாதம் ஓடவிட்டு, மூன்று மாதம் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தி, மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஓடியபோதும் நின்றபோதும் அன்றாட வேலைத் திறனில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கருவியை அவர்கள் வைத்த அளவுகள் வழக்கமானவை அல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனாலும் பல லட்சம் கேட்கும் ஒரு பொருளைப் பற்றி இப்படி ஒரு ஆய்வு இருப்பது கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: அழுத்தம் இருப்பது தெளிவு என்றால் மறு ஆபரேஷன், கருவி அல்ல. அழுத்தம் இல்லை, கால் எரிச்சல் மட்டும் விடாமல் இருக்கிறது, மாத்திரை, ஊசி, பயிற்சி மூன்றும் முழுசாக முயன்றாகிவிட்டது என்றால் கருவியைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது, மூன்றாவது முறை கத்தி வைப்பதைவிட மேல். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்ற ஒரு வசதி அதற்கு உண்டு. வெட்டிய எலும்பை அப்படித் திருப்பி வைக்க முடியாது. இடுப்பு வலி மட்டும் உள்ளவர்களுக்குக் கருவியை நான் அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டேன்.

தற்காலிகக் கருவியை வைத்துப் பார்க்க ஒரு வாரம் போலத்தான் கிடைக்கும். கம்பி முதுகிலிருந்து வெளியே வந்து, இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியில் சேரும். நன்றாகக் குனியக்கூடாது, திரும்பக்கூடாது, குளிக்கக்கூடாது. அதற்காகப் படுத்துக்கொண்டே நாளைக் கழித்தால் சோதனை வீண். எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, எத்தனை முறை தூக்கம் கலைந்தது, வலி மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்று தினமும் எழுதுங்கள். "பரவாயில்லைங்க" என்ற பதிலை வைத்து நிரந்தரக் கருவிக்கு முடிவெடுக்கக் கூடாது.

ஊசி: சிகிச்சையா, சோதனையா?

ஊசி என்று ஒரே பேரில் சொன்னாலும் அதில் பல வகை. வால் எலும்புத் துவாரம் வழியாக அல்லது நரம்பு வெளிவரும் பக்கத்தில் ஸ்டீராய்டு போடுவது கால் வலிக்கு. பலன் கிடைத்தால் சில வாரம், சில மாதம். வடு இருக்கும் இடத்தில் மெல்லிய குழாயை விட்டு மருந்தும் உப்புநீரும் செலுத்தி வடுவைத் தளர்த்தும் முறையும் உண்டு. இடுப்பு வலி முதுகின் சிறு மூட்டுகளிலிருந்து வருகிறது என்றால், அந்த மூட்டுக்குப் போகும் சிறு நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டுவிடுவார்கள். அந்த நரம்பு மறுபடி வளரும் வரை, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, ஆறுதல். ஸ்க்ரூ போட்டவர்களுக்குக் கீழே இடுப்பெலும்பு மூட்டில் போடும் ஊசி தனி.

ஊசி போடுமுன் நீங்கள் கேட்க வேண்டியது, "இது குணமாக்கவா, கண்டுபிடிக்கவா?" என்று. கண்டுபிடிக்கப் போடும் ஊசியில் மரத்துப்போகும் மருந்து சில மணி நேரம் மட்டும் வேலை செய்யும். அந்தச் சில மணி நேரம்தான் அதன் மொத்த மதிப்பும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஊசி போட்டதும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் "ரெஸ்ட்" என்று படுத்துவிடுகிறார்கள். மறுநாள் டாக்டர் கேட்டால் "தெரியலைங்க, தூங்கிட்டேன்." கால் பலமாக ஊன்றுகிறது என்று உறுதியானதும், டாக்டர் அனுமதித்த அளவுக்கு, வழக்கமாக வலிக்கும் வேலையைச் செய்து பார்க்க வேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலிக்கும் என்றால் உட்காருங்கள். மாடி ஏறினால் வலிக்கும் என்றால் துணையோடு ஏறுங்கள். அரைமணிக்கு ஒரு தடவை வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறியுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும், அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. மிக அரிதாகப் பக்கவாதம் போன்ற பெரிய விபரீதம் நடக்கலாம் என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அரிது என்றாலும் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிற இடத்தைத் தேர்ந்தெடுக்க அது ஒரு நல்ல காரணம்.

மாத்திரைகள்

பிரிகாபலின், கேபாபென்டின், அமிட்ரிப்டிலின், டியூலாக்செடின். நரம்பு வலிக்கு என்று எழுதப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் இவைதான். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் பார்த்ததில் சயாட்டிகா என்ற, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குப் பிரிகாபலின் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைசுற்றல் மட்டும் அதிகம். ஆபரேஷனுக்குப் பின் வரும் எரிச்சலும் மரமரப்பும் அதிலிருந்து கொஞ்சம் வேறு என்பதால் சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. எனவே சில வாரம் சரியான அளவில் போட்டுப் பார்த்து, பலன் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் முறை. வருடக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது முறையில்லை. ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தத் தூக்கக் கலக்கத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறைக்க வேண்டும்.

வாரம் ஒரு டைக்ளோபினாக் ஊசி போட்டுக்கொண்டே ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் கணக்கில் சேர்க்காதவர்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை பழக்கமாகிவிடும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சி, என் கடைச் சரக்கு

பயிற்சி என்றதும் பாயில் படுத்துக் காலைத் தூக்குவதும், கரண்ட் வைப்பதும், ட்ராக்ஷன் போடுவதும்தான் பலர் மனதில். கரண்ட் வைத்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லும் பயிற்சி, அவரவர் வேலைக்குத் திரும்ப உடம்பைத் தயார் செய்வது.

குழித்தறியில் உட்காரும் நெசவாளரை எடுத்துக்கொள்வோம். கால் குழிக்குள், பாதம் மிதியில், ஒரு கை நாடாவை இழுக்க, மறுகை பலகையை அடிக்க. வெண்பட்டு வேட்டி நெய்கிறவர் மணிக்கணக்கில் இப்படியே இருப்பார். நிற்பதைவிட முன்னால் குனிந்து உட்காரும்போது ஜவ்வில் அழுத்தம் கூடுகிறது என்பதை ஜவ்வுக்குள்ளேயே அளவுமானியை வைத்து அளந்தவரும் மேலே சொன்ன நாச்செம்சன்தான். அந்த நெசவாளருக்கு "குனியாதே, உட்காராதே" என்று சொல்வது, தொழிலை விடு என்று சொல்வதற்குச் சமம். அதைவிட, ஊடை நூல் தீர்ந்து தார் (நூல் சுற்றிய குச்சி) மாற்றும் ஒவ்வொரு முறையும் குழியிலிருந்து எழுந்து நின்று பின்னால் வளைய வேண்டும் என்று பழக்கலாம். பலகையின் உயரத்தை ஏற்றி, இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கும்படி செய்யலாம். முதல் வாரம் கால் மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசை மெலிந்துவிடுகிறது. மேலே பெல்ட் மாட்டி, வருடக்கணக்கில் "தூக்காதே" என்று வீட்டில் எல்லோரும் தாங்கினால் இன்னும் மெலியும். இதைத் திருப்ப மூன்று மாதமாவது ஆகும். பலர் மூன்றாம் வாரமே விட்டுவிடுகிறார்கள். நடைப்பயிற்சிக்கும் சான்று இருக்கிறது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வில், வழிகாட்டலோடு நடந்தவர்களுக்கு இடுப்பு வலி திரும்பி வர சராசரியாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். அது ஆபரேஷனுக்குப் பின் வலி தொடர்ந்தவர்களுக்கென்று செய்த ஆய்வு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நடை காசு கேட்பதில்லை, பின்விளைவும் சொற்பம். அதனால் மற்ற எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது கூடவே ஓடலாம்.

பயிற்சி செய்ய முடியாத இடமும் உண்டு. ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், முதுகில் கிருமித் தொற்று இருந்தால் பயிற்சி என்ற பேரில் நாள் கடத்துவது தவறு.

எண்ணெய், வர்மம், கட்டு பற்றியும் கேட்பார்கள். இதமான சூட்டில் எண்ணெய் தடவுவது தசைப்பிடிப்புக்கு நல்லதுதான், செய்யுங்கள். ஆபரேஷன் ஆன இடத்தில் முழங்காலை ஊன்றி மிதிப்பது, இடுப்பைப் பிடித்துச் 'சொடக்கு' எடுப்பது, ஊர் ஊராகப் போர்டு வைத்திருக்கும் எலும்புக் கட்டு வைத்தியரிடம் ஜவ்வை 'ஏற்றி விடுவது', இவை வேண்டவே வேண்டாம்.

மூன்று பேருக்கு மூன்று பதில்

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன்.

லாரி டிரைவர், இடுப்பின் கடைசி இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள (எல்4-எல்5) ஜவ்வு எடுத்தவர். எட்டு மாதம் ஒரு குறையுமில்லை. ஸ்டெப்னி மாற்றக் குனிந்த அன்று கால் வலி வந்தது, ரூபாய்க்குத் தொண்ணூறு பைசா காலில். குதிகாலால் நடக்கச் சொன்னேன், வலது பாதம் தூக்கவில்லை. அவருக்கு என்னிடம் வேலையே இல்லை, நேராகச் சர்ஜனிடம் அனுப்பினேன். மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் ஜவ்வு. மறு ஆபரேஷன்தான் சரி. பீடியை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் என் பங்குக்கு. ஸ்க்ரூ போட நேர்ந்தால் புகை எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

தறிக்காரர், ஸ்க்ரூ போட்டவர். வலி முழுக்க இடது பிட்டத்துக்கு மேல், ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற இடத்தில். காலில் ஏதுமில்லை. "ஸ்க்ரூவைக் கழட்டிடலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருப்பதை சி.டி. காட்டியது. இடுப்பெலும்பு மூட்டில் சோதனை ஊசி போட்டு, அன்று மாலை தறியில் உட்கார்ந்து பார்த்து, வலி எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியதை எழுதிக்கொண்டு வந்தார். இடம் தெரிந்துவிட்டது. ஊசியும் தறியில் மாற்றமும் பயிற்சியும்தான் அவர் வழி. ஸ்க்ரூவைத் தொட வேண்டியதில்லை.

எஸ்டேட் அக்கா கதை சிக்கலானது. முதல் நாளிலிருந்தே பாதம் எரிகிறது. ஸ்கேனில் வடு மட்டும். சர்க்கரை, வைட்டமின் பி12 இரண்டும் பார்த்தோம், சரியாக இருந்தன. மறு ஆபரேஷன் வேண்டாம் என்பதில் இரண்டு சர்ஜன்களும் ஒத்துப்போனார்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் உட்கார்ந்து வாரம் மூன்று முறை என்னிடம் வந்தால், வந்துபோவதே வலியைக் கூட்டிவிடும். அதனால் வீட்டிலேயே செய்யும்படி நான்கு பயிற்சி, ராத்திரி அமிட்ரிப்டிலின், ஒரு முறை வால் எலும்பு ஊசி. பழம் பறிக்கும் காலத்தில் சரிவான பாத்தியை விட்டுச் சமமான பாத்தியைக் கேட்டு வாங்கவும், இடுப்பில் கட்டும் பையைப் பாதி நிறைந்ததும் கொட்டிவிடவும் சொன்னேன். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. தூக்கம் வருகிறது, வேலைக்குப் போகிறார். மின்கருவி பற்றியும் சொல்லியிருக்கிறேன், "இப்போதைக்கு வேண்டாங்க" என்றார். அதுவும் ஒரு முடிவுதான்.

காசும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே உள்ள காப்பீட்டு மேசையில், தேதி குறிக்கும் முன் கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு, நரம்பியல் இரண்டு பிரிவிலும் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. மலையில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். மின்கருவிக்குத் தற்காலிகச் சோதனை, நிரந்தரம், பிற்காலத்தில் பேட்டரி மாற்றுவது என்று மூன்று செலவையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்பதையும்.

எந்த வழிக்குப் போனாலும் உங்கள் ஜவுளிக்கடைப் பையில் ஸ்கேன் பிலிம் மட்டும் போதாது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று சர்ஜன் எழுதிய ஆபரேஷன் குறிப்பு, ஸ்க்ரூ போட்டிருந்தால் அதன் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், இவை எல்லாம் வேண்டும். கடைசி இரண்டையும் பெரும்பாலும் யாரும் கேட்டு வாங்குவதில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். மூன்று வருடம் வரைதான் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. உங்கள் ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் நெருங்குகிறது என்றால் இந்த வாரமே எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.